மிச்சக் கதை ஐந்தாவது வால்யூமில் இருக்கிறது

புத்தகக் கடையில் மங்கா அலமாரிக்கு முன்னால் நிற்பது என்பது, பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடப்பட்டவர்களுக்கு மிச்சத்தைப் பரிமாறுகிற வேலை. ஜப்பான்காரர்கள் வரைகிற படக்கதைப் புத்தகம் மங்கா. அதையே டிவியிலும் போனிலும் ஓடுகிற மாதிரி எடுத்தால் அனிமே. பன்னிரண்டு எபிசோடு ஓடும், கதாநாயகன் மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்குவான், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த சீசன் எப்போது என்பது ஜப்பானிலேயே யாருக்கும் தெரியாது. தென்னூரில் ஒரு கடையின் மாடியில் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் மிச்சக் கதை எந்த வால்யூமில் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கென்று கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். இடது பக்கம் தொடரின் பெயர். வலது பக்கம் அனிமே நின்ற இடம், அதற்குப் பிறகு வாங்க வேண்டிய வால்யூம். இந்தப் பிரிவுக்கு யாரும் நிற்க வராதபோது மேனேஜர், "உங்க பொண்ணு இதெல்லாம் பாக்குமில்ல, நீங்களே நின்னுக்கங்க" என்றார். நாற்பத்தாறு வயதில் நான் மங்கா நிபுணர் ஆனது அப்படித்தான். பாதியில் நின்ற கதையை நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்டாப்பைத் தவறவிட்டவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், மற்றவர்கள் சும்மா கூட வாருங்கள்.

தபால்காரி

மது என் மகள். அவளுடைய அப்பா எங்களோடு இல்லை. அவருக்கு இந்தக் கதையில் இவ்வளவுதான் இடம். திருவானைக்காவலில் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் இரண்டு பேர். மது பிளஸ் டூ படித்த வருஷம், தினமும் எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு ஓர் எபிசோடு பார்ப்போம். பனிமலைக் கணவாய் வழியாகக் கடிதம் கொண்டுபோகிற ஒரு பெண், அவளுக்குத் துணையாக ஒற்றைக்கண் கிழவன், ஒரு கோவேறு கழுதை. ஜப்பான் பெயர்கள் என் வாயில் நுழையாததால் அவளுக்குத் தபால்காரி என்றே பெயர் வைத்துவிட்டோம். பேச்சு ஜப்பான் மொழியில், கீழே இங்கிலீஷில் எழுத்து. நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது வரி ஓடிவிடும். அதனால் மது சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். தபால்காரிக்கு அவளுடைய சொந்தக் குரல், கிழவனுக்கு மூக்கால் ஒரு குரல், கழுதைக்கும் தனியாக ஒன்று. எங்கள் வீட்டில் கிழவன், "ஏம்மா தாயி, இந்தப் பனியில ஒரு மப்ளர் கூடவா சுத்தல?" என்றுதான் பேசுவான்.

பன்னிரண்டாவது எபிசோடில் தொங்குபாலம் அறுந்தது. தபால்காரி இந்தப் பக்கம், கிழவன் அந்தப் பக்கம். முடிந்தது. மது தலையில் அடித்துக்கொண்டாள். "மிச்சம் புக்குல அஞ்சாவது வால்யூம்ல இருக்கும்மா. நீ தொடவே கூடாது. ரெண்டாவது சீசன் வரும், ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாக்கணும்" என்றாள். நானும் தலையாட்டினேன். ஜூலையில் அவள் காலேஜுக்குப் புனே போய்விட்டாள். கடையில் அந்தத் தொடரின் ஐந்து முதல் பதினான்கு வரை என் இடது தோள் உயரத்தில் இருக்கின்றன. தினமும் தூசி தட்டுகிறேன், அடுக்குகிறேன், மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு பக்கம்கூடப் பிரித்ததில்லை. பில் போடுகிற ஜரீனா என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. முதல் மாதமே சொல்லிவிட்டாள்: "அல்வாக் கடையில நின்னுக்கிட்டு நோன்பு புடிக்கிற ஆளு நீங்க ஒருத்திதான்க்கா."

திருப்பிப் படித்தவர்

மங்காவைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வலமிருந்து இடம். இதை விற்கும்போதே சொல்லிவிடுவேன், அன்றைக்குக் கூட்டத்தில் விட்டுவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் திருமண், கையில் துணிப்பை. மகளோடு உட்கார்ந்து ஏதோ ஒரு சண்டைத் தொடரைப் பார்த்தாராம், மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாளாம், மிச்சத்தைத் தானே படித்துக்கொள்கிறேன் என்று வாங்கிப் போனார். நான்காம் நாள் புத்தகத்தோடு வந்து, பைண்டிங் தப்பு என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. முழுப் புத்தகத்தையும் இடமிருந்து வலமாகவே படித்திருக்கிறார்.

உட்காரவைத்து, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று விரலால் காட்டினேன். "அப்பிரதக்ஷிணமா?" என்று ஒரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். மூன்று பக்கம் சரியாகப் படித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. புத்தகத்தை மூடி, பழையபடி அவருக்குப் பழக்கமான பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் வாசிச்ச மாதிரி வாசிச்சா செத்தவன் எழுந்துண்டு, சண்டையெல்லாம் ஓஞ்சு, கடைசில எல்லாரும் ஒரே ஆத்துல உக்காந்து சாப்பிடறா. நேக்கு அதுவே திருப்தியா இருந்துதும்மா, என்னத்துக்குத் திருப்பச் சொல்றேள்?"

சிவப்பு முடி

மங்கா கறுப்பு வெள்ளைதான். அட்டையில் மட்டும் கலர். இதைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. காலேஜ் பெண் ஒருத்தி வால்யூமைப் பிரித்து, முன்னும் பின்னும் புரட்டி, வேறு பிரதி கேட்டாள். அதிலும் அதேதான். அவளுக்குப் பிடித்த ஹீரோவின் செம்பட்டை முடிக்காக அனிமேயை நான்கு தடவை பார்த்தவளாம். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. படிக்கப் படிக்க உனக்கே சிவப்பாகத் தெரியும் என்று சமாதானம் சொன்னேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "அவனுக்கு நரை விழுந்த மாதிரி இருக்குக்கா" என்றாள்.

மனப்பாடம்

பொன்மலையில் ரயில்வே வேலை பார்க்கிற ஒருவர் ஷிப்ட் முடிந்த சட்டையோடே வருவார். அவர் பார்த்தது தமிழில் டப்பிங் செய்த அனிமே. அதில் வில்லன் நம்மூர் பாஷையில் வெளுத்து வாங்குவானாம். மிச்சத்தைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். பிரித்ததும், "என்னங்க இது, இங்கிலீஷ்ல பேசுறான்?" என்று அதிர்ந்துபோனார். மங்கா தமிழில் எங்கள் கடைக்கு வருவதில்லை என்று விளக்கினேன். எனக்கே சங்கடமாக இருந்தது. மனிதர் ஆசையாக வந்திருக்கிறார், நான் வேறு யாருடைய வீட்டுக் கதவையோ திறந்துவிட்ட மாதிரி நிற்கிறார்.

பத்து நிமிஷம் அங்கேயே நின்றார். உதடு அசைந்தது. பிறகு சிரித்துக்கொண்டே பில் போடச் சொன்னார். இங்கிலீஷ் படிப்பீர்களா என்று கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சம். ஆனா அது எதுக்குங்க? அவன் குரல் எனக்கு மனப்பாடம், மூஞ்சியைப் பார்த்தா அவனே பேசிடுவான்."

காதைப் பொத்தும் கலை

வாசகர்களே, சொல்லாமல் இருக்கத் தெரியாத ஜாதி ஒன்று உண்டு. முடிவு தெரிந்தவர்கள். அவர்கள் கூட்டமாக வருவார்கள், அலமாரிக்கு முன்னால் நின்று, "அந்த சீன்ல மச்சி..." என்று ஆரம்பிப்பார்கள். நான் அப்போது ஸ்டேஷனரிப் பக்கம் போய் ஸ்கேல் அடுக்குவேன். போக முடியாதபோது இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். சேல்ஸ்வுமன் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு முறை மேனேஜர் உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்.

இரண்டு வருஷத்தில் இது ஊருக்கே தெரிந்துவிட்டது. என்ஜினீயரிங் படிக்கிற ஒரு தம்பி நல்ல பிள்ளை, தபால்காரி பதினான்கும் முடித்தவன். கடைசி வால்யூமை வாங்கிப் போன மறுநாள் கண் வீங்கி வந்தான். என்னைப் பார்த்தான். நான் காதுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவனால் தாங்க முடியவில்லை. கிட்ட வந்து ரகசியமாக: "கிழவன் உயிரோட இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லட்டுமாக்கா? நீங்க கேக்க வேணாம், நான் தலையை மட்டும் ஆட்டுறேன்."

சோறு கட்டிக் கொடுத்தவள்

என் நோட்டில் தப்பு வராது என்று நான் கொஞ்சம் மமதையாகத்தான் இருந்தேன். பேங்கில் வேலை பார்க்கிற ஓர் அம்மா அதை உடைத்தார். தபால்காரி அனிமே பார்த்துவிட்டு வந்தவருக்கு, நோட்டைப் பார்த்து ஐந்திலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். "ஏழாவது புக்குல யாரோ ஒரு சமையல்காரம்மா செத்துப்போறாங்க. தபால்காரி அழறா, கிழவன் அழறான், கழுதை கூட அழுவுது. எனக்கு அவங்க யாருன்னே தெரியல. நான் மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்" என்றார். கிழவன் அழுகிறான் என்றால் உயிரோடிருக்கிறான் என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம் அவமானம்.

முதல் நான்கையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அது பார்த்த கதைதானே, மதுவுக்குக் கொடுத்த வாக்குக்குப் பங்கமில்லை. முதல் வால்யூமிலேயே அந்த அம்மாள் இருந்தாள். மலையடிவாரச் சத்திரத்தில் சமைக்கிறவள். தபால்காரி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் துணியில் சோறு கட்டிக் கொடுத்து, வாசலில் நிற்கிறாள். சண்டையில்லை, ரகசியமில்லை, பெரிய வசனமில்லை. அனிமே எடுத்தவர்கள் அவளைச் சுத்தமாக வெட்டிவிட்டார்கள். பன்னிரண்டு எபிசோடில் சோறு கட்டிக் கொடுத்தவளுக்கு இடமில்லை போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் நோட்டு முழுவதும் "முதல் வால்யூமிலிருந்தே படிப்பது நல்லது" என்று சிவப்பு மையில் எழுதினேன். பேங்க் அம்மாவுக்கும் முதல் நான்கைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் வந்து சொன்னார்: "இப்ப அழுதுட்டேங்க. ஆனா காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போனப்புறம் துக்கம் கேக்கப் போன மாதிரி இருந்துச்சு."

இரண்டே நாள்

மது ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். முதல் வருஷம் அரை மணி நேரம், இரண்டாம் வருஷம் பத்து நிமிஷம். ரியா சொன்னாள், ரியா வீட்டுக்குப் போனோம் என்பாள். ரியா யார் என்று கேட்டால், "சொன்னேனேம்மா" என்பாள். சொல்லியிருக்கலாம். நடுவில் ஏதோ ஒரு வால்யூமை நான் தவறவிட்டிருக்கிறேன். திரும்பக் கேட்டால் எரிச்சல்படுவாளோ என்று, தெரிந்த மாதிரி உம் கொட்டுவேன்.

தபால்காரி இரண்டாவது சீசன் மார்ச்சில் வந்தது. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே வாரத்தில் அலமாரியில் ஐந்தும் ஆறும் காலி. நான் ஒரு எபிசோடுகூடப் பார்க்கவில்லை. மே மாத லீவுக்கு அவள் வருவாள், எட்டு மணி, சாப்பாட்டுத் தட்டு. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன்: "தபால்காரி வந்துருச்சு, தெரியுமா? நான் தொடவே இல்ல. நீ வந்ததும் பாத்துடலாம்." மது சொன்னாள்: "ஐயோ அம்மா... நாங்க ஹாஸ்டல்ல பாத்துட்டோமே. ரூம்ல எல்லாரும் சேர்ந்து, ரெண்டே நாள்ல. நீ இன்னுமா வெயிட் பண்ற?" அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, எனக்குத் தெரியும். "அதனால என்னடி" என்றேன். போனை வைத்த பிறகு ரசத்தைச் சூடுகூடப் பண்ணாமல் சாப்பிட்டேன். வருத்தமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறும்போது, இரண்டு வருஷம் யாருக்காகக் காதைப் பொத்தினேன் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, அது நல்ல சிரிப்பு இல்லை.

ஜரீனாவிடம் மட்டும் சொன்னேன். வழக்கமாக வாய்க்கு வாய் பேசுகிறவள், பில் ரோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு ஐந்தாவது வால்யூம் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து என் பையில் வைத்தாள். "இனிமே காதைப் பொத்த வேணாம்க்கா."

கழுதைக்கு யார் குரல்

எட்டு மணிக்குத் தட்டோடு உட்கார்ந்து ஐந்தாவதைப் பிரித்தேன். முதல் படம், அறுந்த பாலம். கறுப்பு வெள்ளை. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அடுத்த பக்கத்தில் கிழவன் அந்தக் கரையிலிருந்து வாயைத் திறந்தான். "ஏம்மா தாயி" என்று மூக்கால் கூப்பிட்டான். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். பொன்மலைக்காரர் சொன்னது சத்தியம். இங்கிலீஷ் எழுத்தின் மேல் கண் ஓடுகிறது, உள்ளே மது பேசுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு மது, வாயில் தோசையோடு. இரண்டாவது சீசனை நான் இன்றுவரை போட்டுப் பார்க்கவில்லை. அதில் ஜப்பான்காரர்கள் பேசுகிறார்கள். புத்தகத்தில்தான் எனக்கு ஆள் இருக்கிறது. அதனால் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மே மாதம் மது வந்தாள். தூங்கினாள். போனில் சிரித்தாள். நான் தபால்காரி பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஆறாம் நாள் எட்டு மணிக்கு நான் படித்துக்கொண்டிருந்தபோது, சார்ஜர் தேடி வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். சமையல்காரம்மா சோறு கட்டுகிற பக்கம். "இது யாரும்மா? படத்துல வரலியே" என்றாள். சொன்னேன். முதல் வால்யூமிலிருந்து இருக்கிறவள் என்று சொன்னேன். அவள் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். கிழவன் வந்ததும் மூக்கால் ஆரம்பித்தாள், தபால்காரி, கழுதை எல்லாரும் பேசினார்கள். சமையல்காரம்மாவின் கட்டம் வந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டு என் குரலில் பேசினாள். நான் அப்படியா இழுத்து இழுத்துப் பேசுகிறேன்? இரண்டு பக்கம் முடிந்தது. ரியா போன் செய்தாள், எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் ரயிலேற்றினேன். புளியோதரைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவள் என்னையே ஒரு மாதிரி பார்த்தாள், நான் வாசலில் நிற்கிற அந்த அம்மாளைப் போல நின்றேனோ என்னவோ. வண்டி நகர்ந்தபோது சொன்னாள்: "கடைசி வால்யூமை மட்டும் பிரிக்காம வைம்மா, தீபாவளிக்கு லீவு கிடைச்சா வந்து நான் படிக்கிறேன்."

பதிமூன்று முடித்துவிட்டேன், பதினான்காவது பிரிக்காத கவரோடு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் மறுபடியும் காதைப் பொத்துகிற வேலைக்கு வந்துவிட்டேன், ஆகவே கடைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து தலையைக் கூட ஆட்டாதீர்கள்.